கண்மாய்க் களிமண்ணும் சுடுமண் புரவியும்: மதுரைச் சமவெளி வேளார் சிற்பக்கலையில் இயற்கையின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

சுடுமண் சிற்பத்தில் இயற்கையின் தாக்கத்தைப் பேசும் திறனாய்வுகள், செடி, விலங்கு, பறவை முதலியவற்றின் வடிவங்களைச் சிற்பி எவ்வாறு எடுத்தாள்கிறார் என்பதிலேயே பெரும்பாலும் கவனம் செலுத்துகின்றன. மதுரைச் சமவெளியில் வேளார் மரபினர் ஐயனார் கோயில்களுக்கென உருவாக்கும் புரவிகளை இவ்வளவுகோலால் மதிப்பிட இயலாது. குதிரை இச்சமவெளியின் இயல்பான விலங்கன்று. எனினும் புரவியின் காலும் வயிறும் கழுத்தும் கண்மாய்க் களிமண்ணின் தன்மை, வெயில், மழைப்பருவம், தீ ஆகியவை விதிக்கும் வரம்புகளுக்குள்ளேயே உருப்பெறுகின்றன. இக்கலையில் இயற்கை, உருவத்தின் பொருளாக அமைவதைவிடச் செய்முறையாகவே அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. புதுச்சேரியில் பணியாற்றிவரும் ரே மீக்கர், நவீன இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி ஆகியோரின் மண்வேலைகள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கண்மாய் மண் கிடைப்பதில் நேர்ந்துள்ள மாற்றங்கள் இக்கலையின் அழகியலோடு எவ்வாறு தொடர்புடையன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேளார், சுடுமண் சிற்பம், புரவி எடுப்பு, ஐயனார், கண்மாய், களிமண், விளாச்சேரி, விளாங்குடி

முன்னுரை

மதுரை நகரின் வடமேற்கு விளிம்பில், திண்டுக்கல் சாலையை ஒட்டி அமைந்துள்ளது விளாங்குடி. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்திற்கு அருகில் இருப்பது விளாச்சேரி. இரண்டு ஊர்ப்பெயர்களின் முதற்பகுதியும் விளாமரத்தை நினைவூட்டுகிறது. விளாச்சேரி இன்று கொலு பொம்மைகளுக்கும் மண்ணுருவங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். விளாங்குடியோ வீடுகளும் பட்டறைகளும் நெருங்கிய நகர்ப்பகுதியாகிவிட்டது. இங்கிருந்துகொண்டு மண்சிற்பத்தைப் பற்றிச் சிந்திப்பவருக்கு முதலில் எழும் வினா அழகியல் சார்ந்ததாக இருப்பதில்லை. மண் எங்கிருந்து வருகிறது என்பதே முதல் வினா.

கண்காட்சிக் கையேடுகளில் 'இயற்கையால் ஈர்க்கப்பட்ட படைப்பு' என்னும் தொடர் மிகுதியாகப் பயன்படுத்தப்படுகிறது. இலை நரம்பு, சிப்பி, விதைக்கூடு, மரப்பட்டை ஆகியவற்றின் சாயல் ஒரு மட்கலையில் தென்பட்டால் இத்தொடர் உடனே ஒட்டிக்கொள்கிறது. தொடர் பிழையானதன்று, ஆயினும் அது சிற்பத்தின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. களிமண்ணே இயற்கைப்பொருள் என்பதையும், அப்பொருள் தனக்கென நடத்தை உடையது என்பதையும், சிற்பியின் விருப்பத்தை அந்நடத்தை பல இடங்களில் மறுக்கிறது என்பதையும் அது கணக்கில் கொள்வதில்லை. அம்மறுப்பைப் பல தலைமுறைகளாக ஏற்று, அதனை வடிவமாக மாற்றிக்கொண்ட கலை வேளாரின் புரவிக்கலை ஆகும்.

இங்கு விளக்கப்படும் செய்முறை பொதுநிலையானது. ஊருக்கு ஊர், குடும்பத்திற்குக் குடும்பம் மண்கலவையிலும் சூளை அமைப்பிலும் வேறுபாடுகள் உண்டு.

முந்தைய ஆய்வுகளும் இலக்கியச் சான்றுகளும்

மதுரை வேளாரைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ். வேளாரின் கலையைப் பற்றிய அவருடைய நூலை 1980-ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. வேளார் உருவத்தை ஆக்குவோராக மட்டுமன்றி, அதற்குத் தெய்வநிலை அளிக்கும் பூசாரிகளாகவும் விளங்குகின்றனர் என்பது அவருடைய ஆய்வின் மையக் கருத்து. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க மட்கலைஞர் ரான் டு பாய்ஸ் தமிழகத்தில் தங்கிப் பெரும் புரவி ஒன்றின் உருவாக்கத்தைத் தொடக்கம் முதல் சூளை வரை படமாக்கினார். முன்னவர் சடங்கையும் சமூகத்தையும் நோக்கினார். பின்னவர் கையையும் மண்ணையும் நோக்கினார். இவ்விரு நோக்குகளும் ஒன்றுசேருமிடம் தமிழ் ஆய்வுகளில் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது.

சங்க இலக்கியத்தில் குயவர் இடம்பெறும் பாடல்களை நம் ஆய்வாளர் நன்கறிவர். புறநானூற்றின் 228, 256 ஆகிய பாடல்கள் தாழி செய்யும் குயவரை விளித்துப் பேசுகின்றன. அவற்றுள் 228-ஆம் பாடலில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவனின் புகழுக்கு ஏற்ற தாழி வேண்டுமெனில் உலகையே சக்கரமாகவும் மேருவையே மண்ணாகவும் கொள்ள வேண்டும். அது உன்னால் இயலுமோ என்று குயவரிடம் வினவுகிறார். கையறுநிலைப் பாடலில் இக்கற்பனை மிகைபோலத் தோன்றலாம். ஆனால் மண் வேலையின் அடிப்படை வரம்பாகிய அளவு என்பதே அதன் உள்ளீடு. எவ்வளவு பெரிதாகச் செய்யலாம் என்பதைச் சக்கரமும் மண்ணும் முடிவு செய்கின்றன. குறுந்தொகையின் 29-ஆம் பாடலில் ஔவையார், சுடப்படாத பச்சைக் கலத்தில் மழைநீர் விழும் காட்சியை உள்ளத்தின் நிலைக்கு உவமையாக்குகிறார். தீயைக் காணாத களிமண் நீரில் கரையும் என்னும் தொழிலறிவு அங்கே அக உணர்வுக்கு அளவுகோலாகிறது. நற்றிணையின் 200-ஆம் பாடலிலோ, நொச்சி மாலை அணிந்த குயவர் தெருவில் விழாவை அறிவித்துச் செல்கிறார். மண்தொழிலும் சடங்குப்பணியும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமைக்கு இது பழைய சான்று.

தொல்பொருள் சான்றுகளில் ஒன்றை மட்டும் சுட்டலாம். இந்தியத் தொல்லியல் துறை தி. சத்தியமூர்த்தி தலைமையில் 2004-ஆம் ஆண்டில் ஆதிச்சநல்லூரில் நடத்திய அகழாய்வில், ஒட்டுருவ வேலைப்பாடு கொண்ட பானைச்சில்லு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு பெண்ணுருவமும் கொக்கு, மான், முதலை ஆகியனவும் இடம்பெற்றுள்ளன. தனியாகத் திரட்டிய மண்ணைக் கலத்தின் பரப்பில் ஒட்டி உருவம் அமைக்கும் இம்முறையே இன்றும் புரவியின் கழுத்தில் மணியும் மாலையும் அமைக்கப் பயன்படுகிறது. இரண்டிற்கும் நேர்த்தொடர்ச்சி உண்டு என நிறுவுவது கடினம். மண் அனுமதிக்கும் வழிகள் சிலவே என்பதால், ஒரே வழி வெவ்வேறு காலங்களில் மீண்டும் கண்டடையப்படுவது இயல்பே.

மண்ணின் தேர்வும் பதமும்

மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் பாசனக் குளத்தைக் கண்மாய் என்பர். மழைநீர் வயல்களின் மேல்மண்ணை அரித்துக்கொண்டு வந்து கண்மாயில் சேர்க்கிறது. கனமான மணல் நீர் நுழையும் பகுதியிலேயே தங்கிவிடுகிறது. நுண்ணிய களித்துகள்கள் நீரோடு நகர்ந்து, ஓட்டம் அடங்கிய இடத்தில் மெல்லப் படிகின்றன. ஆகவே ஒரே கண்மாயில் இடத்திற்கு இடம் மண்ணின் நுண்மை வேறுபடுகிறது. நீர் தானே சலித்துத் தரம் பிரித்துவைத்த மண்ணையே குயவர் எடுக்கிறார். கோடையில் கண்மாய் வற்றிய பின்னரே மண் வெட்ட முடியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உருவங்களைக் காயவைக்கவோ சூளை மூட்டவோ இயலாது. வேளாரின் பணி ஆண்டைக் கண்மாயின் நீர்மட்டமே வகுத்துவிடுகிறது.

களிமண் மட்டும் போதுமானதன்று. நுண்துகள் மிகுந்த களி நன்றாக வளையும். ஆனால் உலரும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும். சமையற்பானையின் மெல்லிய சுவருக்கு இது தாங்கக்கூடிய குறை. ஆளுயரப் புரவியின் தடித்த சுவருக்கோ பேரிடர். ஆகவே மணலும் உமியும் சேர்க்கப்படுகின்றன. மணல் சுருங்காத பொருள் என்பதால் மொத்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமியின் பணி நுட்பமானது. பச்சை மண்ணில் அது நார்போல இருந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறது. உலரும்போது ஈரம் வெளியேற வழிவிடுகிறது. தீயில் எரிந்து மறைந்து நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. அத்துளைகளால் சுவர் எடை குறைகிறது. நீராவி வெளியேறவும் இடம் கிடைக்கிறது. வயலிலிருந்து கிடைக்கும் கழிவுப்பொருள் ஒன்று இவ்வாறு மூன்று நிலைகளில் மூன்று பணிகளைச் செய்கிறது.

கலவையைக் காலால் மிதித்துப் பதப்படுத்துவர். இப்பதத்திற்கு எழுதப்பட்ட அளவு ஏதும் இல்லை. ஒரு கண்மாயின் மண் மணற்பாங்காக இருந்தால் மணல் குறையும்; மற்றொன்று கொழுமையாக இருந்தால் கூடும். ஒரு குறிப்பிட்ட மண்ணோடு நெடுங்காலம் பழகிய கைக்கும் காலுக்குமே அவ்வளவு தெரியும்.

புரவி எழும் முறை

புரவி செய்யும் பணி, பல ஊர்களில் பிடிமண் கொடுப்பதிலிருந்து தொடங்குகிறது. ஊரார் தம் ஊரின் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் அளிப்பர். அதைப் பெற்றுக்கொண்ட வேளார் நோன்பிருந்து பணியை மேற்கொள்வார். புரவியின் மொத்த மண்ணில் அந்தப் பிடிமண் மிகச் சிறிய பகுதியே. எனினும் அது சேர்ந்த பின்னர்தான் குவியலில் உள்ள மண் அந்த ஊருக்குரியதாகக் கருதப்படுகிறது. மண் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவைச் சடங்கும் தன் முதல் வினாவாகவே வைத்திருக்கிறது.

சிறிய உருவங்களின் உடலைச் சக்கரத்தில் வனைந்த உருளைகளாக எடுத்து இணைப்பதுண்டு. பெரும் புரவியைச் சக்கரத்தில் வனைய இயலாது. கால்கள் உள்ளீடற்ற உருளைகளாக முதலில் அமைக்கப்படுகின்றன. அவை ஓரளவு இறுகிய பின்னரே வயிற்றுப்பகுதியின் சுமையைத் தாங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மண்திரளை அடுக்கி, உட்புறம் ஒரு தாங்கலை வைத்து வெளிப்புறம் மரப்பலகையால் தட்டிச் சுவரை எழுப்புவர். தட்டுவது அழகுக்காகச் செய்யப்படுவதன்று. அதனால் துகள்கள் நெருங்கி அடுக்குகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. ஈரச்சுவர் சரியாதிருக்க வைக்கோற்பிரி சுற்றுவதும் முட்டுக்கொடுப்பதும் உண்டு. பின்னர் காத்திருக்க வேண்டும். கீழ்ப்பகுதி மிகவும் உலர்ந்துவிட்டால் புதிய ஈரமண் அதனோடு ஒட்டாது. போதிய அளவு உலராவிட்டால் மேற்சுமையால் பிதுங்கிவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதம் வெயிலையும் காற்றையும் பொறுத்தது. எந்நாளில் எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்பதை வானிலையே முடிவு செய்கிறது.

புரவியின் தோற்றத்தை இப்பின்னணியில் காண வேண்டும். நான்கு கால்களும் தூண்களைப் போல நேராக ஊன்றியிருக்கின்றன. கால் தூக்கி நடக்கும் புரவியோ பாய்ந்தெழும் புரவியோ இம்மரபில் அரிது. கழுத்து தடித்துச் செங்குத்தாக எழுகிறது. காதுகள் குறுகியவை, வால் உடலோடு ஒட்டியது. உற்றுநோக்கிச் செதுக்கும் திறன் குறைவே இதற்குக் காரணம் எனக் கருதுவது எளிது. ஆனால் அது தவறு. மதுரைப் புதுமண்டபத்தின் முகப்பிலும் திருவரங்கம் சேஷராயர் மண்டபத்திலும் கல்லிற் பாயும் குதிரைகளை இதே தமிழ்நிலம் கண்டிருக்கிறது. அங்குள்ள குதிரைகள் தாம் ஒட்டியிருக்கும் தூணின் வலிமையில் எழுகின்றன. மண்ணுக்கு அத்தகைய துணை இல்லை. சுட்ட மண் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசையையும் வளைவையும் தாங்காது. நீண்டு துருத்தும் எந்த உறுப்பும் உலரும்போதோ சூளையிலோ தோளில் சுமந்து செல்லும்போதோ ஒடியும். ஆகவே சுமையனைத்தும் நேர்கீழாக இறங்கும்படி அமைந்த உடலே எஞ்சுகிறது. வேளாரின் புரவிக்கு வாய்த்துள்ள அசையா வீறு, மண்ணின் இந்த இயல்பிலிருந்தே பெரிதும் பிறக்கிறது என்பது என் கருத்து.

சிமெண்டும் கம்பியும் கொண்டு எழுப்பப்படும் புதிய புரவிகள் இக்கருத்துக்கு மறைமுகச் சான்றாகின்றன. கம்பியின் துணையால் அவற்றின் கால் எந்தத் திசையிலும் நீளலாம். அவ்வாறு நீண்டவுடன் அவை நாட்காட்டிப் படத்துக் குதிரைகளைப் போலாகிவிடுகின்றன.

தீயின் பங்கு

சூளையில் நிகழ்வதை வேதியியல் நோக்கில் சுருக்கமாகக் காணலாம். முதலில் மண்ணின் துளைகளிலுள்ள ஈரம் வெளியேறுகிறது. இக்கட்டத்தில் அவசரப்பட்டால் நீராவி சுவரைப் பிளந்துவிடும். ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், களிமப்பொருளின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. அதன்பின் அப்பொருள் மீண்டும் குழையும் களியாக மாறாது. மணலிலுள்ள படிகக்கல் 573 பாகையில் திடீரென விரிகிறது. குளிரும்போது அதே புள்ளியில் சுருங்குகிறது. சூளையை விரைந்து பிரித்தால் உருவம் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறமும் தீயின் நடத்தையே. காற்றோட்டம் மிகுந்த இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு செந்நிறம் பெறுகிறது. காற்றுக் குறைந்து புகை சூழ்ந்த இடத்தில் கரி படிந்து கருமையாகிறது. புரவியின் விலாவில் காணும் கரும்புகைத் திட்டு, தீ எப்பக்கமாக மூச்சுத்திணறியது என்பதைக் காட்டும் பதிவு ஆகும்.

பெரும் புரவியை இடம்பெயர்த்துச் சூளைக்குள் வைப்பது கடினம். ஆகவே அது நிற்கும் இடத்திலேயே, அதைச் சுற்றி விறகு, வறட்டி, வைக்கோல் ஆகியவற்றை அடுக்கி, மேலே ஓட்டுச்சில்லுகளும் சேற்றுப்பூச்சும் கொண்டு மூடித் தற்காலிகச் சூளை எழுப்பப்படுகிறது. சிற்பத்திற்காகச் சூளை கட்டப்பட்டுச் சிற்பம் வெந்ததும் கலைக்கப்படுகிறது. விறகில் இன்று பெரும்பங்கு சீமைக்கருவேலம். கண்மாய்ப் படுகைகளை ஆக்கிரமித்து மண்ணெடுப்பதற்குத் தடையாக நிற்கும் அந்த அயல்மரமே சூளைக்கு எரிபொருளாகவும் ஆவது ஒரு விந்தை.

குதிரை எங்கிருந்து வந்தது?

ஐயனார் கோயில்கள் பெரும்பாலும் ஊரெல்லையிலும் கண்மாய்க்கரையிலும் அமைந்துள்ளன. ஐயனார் இரவில் புரவியேறி ஊரையும் கண்மாயையும் காவல் காக்கிறார் என்பது நம்பிக்கை. மாடும் ஆடும் நாயும் நிறைந்த ஊரில் காவல்தெய்வத்திற்குக் குதிரை அமைந்தது ஏன்?

தமிழகத்திற்குக் குதிரைகள் கடல்வழி வந்தமையைப் பட்டினப்பாலை கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, பெருந்தொகை கொடுத்துக் குதிரைகள் இறக்குமதி செய்யப்பட்டதையும், அவை இங்கு நெடுநாள் வாழாததையும் குறிப்பிடுகிறார். மதுரையின் மனத்திலோ நரி பரியான திருவிளையாடல் ஆழப் பதிந்துள்ளது. அக்கதையில் பாண்டியனின் குதிரைகள் இரவில் மீண்டும் நரிகளாகிக் காட்டிற்கு ஓடிவிடுகின்றன. மதுரைக் குடியானவருக்குக் குதிரை அரசரோடும் படையோடும் சேர்ந்த விலங்கு. அவருடைய தொழுவத்தில் அதற்கு இடமில்லை. எனவே வேளாரின் புரவியை இயற்கையை நேரில் கண்டு வடித்த உருவம் எனக் கொள்வதற்கு ஆதாரம் இல்லை. அதன் நெற்றிப்பட்டம், சலங்கை, சேணம், மார்பில் ஒட்டப்படும் யாளிமுகம் ஆகிய அனைத்தும் அரசவையின் நினைவுகள். உருவம் பண்பாட்டிலிருந்து வந்தது. அவ்வுருவம் எவ்வாறு நிற்கலாம் என்பதை மட்டும் மண் தீர்மானித்தது.

நேர்த்திக்கடனுக்கெனச் செய்யப்படும் மாடு, நாகம், குழந்தை, கண், கை, கால் உருவங்கள் வேறுவகையின. மாடு வேளாரும் வேண்டுதல் வைத்தவரும் நாள்தோறும் காண்பது. அதன் திமிலிலும் தாடையிலும் தென்படும் உற்றுநோக்கு குதிரையில் இல்லை. ஒரே கையின் இவ்விரு வேலைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காணும் ஆய்வு தனியே மேற்கொள்ளத்தக்கது.

மண்ணுக்குத் திரும்புகிறதா?

புரவி எடுப்பு நாளில், கண் திறந்த புரவிகளை மரச்சட்டங்களில் ஏற்றி, வேளாரின் பொட்டலிலிருந்து கோயிலுக்கு ஊரார் தோளில் சுமந்து செல்கின்றனர். உள்ளீடற்ற உடலும் உமி எரிந்த சுவரும் தரும் எடைக்குறைவின் பயன் அப்போது தெரிகிறது. கோயிலில் வைத்த பின்னர் அவற்றைப் பழுதுபார்ப்பதோ பாதுகாப்பதோ வழக்கமில்லை. அடுத்த எடுப்பில் புதியவை வரும். பழையவை மரநிழலில் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கும்.

இதனை 'மண் மண்ணுக்கே திரும்புகிறது' என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. கேட்க இனிமையாக இருப்பினும் இக்கூற்று உண்மையன்று. மேலே கண்டவாறு, வெந்த மண் மீண்டும் களியாவதில்லை. வைகைக்கரைக் கீழடியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சில்லுகள் இன்றும் கையில் எடுக்கும்படி கிடைப்பது இதனாலேயே. கோயில்காட்டில் நிகழ்வது வேறொன்று. குறைந்த வெப்பத்தில் வெந்த சுடுமண் நீரை உறிஞ்சும். அந்நீரில் கரைந்துவரும் உப்பு துளைகளுக்குள் படிகமாகிப் பரப்பை உதிர்க்கிறது. நிழலில் பாசி படர்கிறது. ஆலும் அரசும் விரிசல்களில் வேர்விட்டு அவற்றை அகலமாக்குகின்றன. உருவம் சில்லாகிறது, சில்லு சில்லாகவே நீடிக்கிறது. அச்சில்லுகளில் சில அடுத்த சூளையின் மூடுதலாகவும், பொடியாக்கப்பட்டு அடுத்த கலவையின் சேர்மானமாகவும் பயன்படக்கூடும். களியாக இருந்தது ஒருமுறை தீயைக் கடந்தபின் வேறு பொருளாகிவிட்டது. திரும்புவது மண்ணன்று, ஊரார் மீண்டும் வேளாரிடம் திரும்புகின்றனர். புரவி சிதையும் பொருளாக இருப்பதாலேயே செய்யும் அறிவு கைமாறிக்கொண்டு வந்திருக்கிறது.

அருங்காட்சியகம் இத்தொடர்ச்சியில் சிக்கலை உண்டாக்குகிறது. புதுதில்லியிலுள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்திலும், முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவிலும் ஐயனார் புரவிகள் உள்ளன. அவற்றைக் காணும் வாய்ப்பு நகரத்து மாணவர்க்குக் கிடைப்பது நன்றே. ஆனால் அங்குள்ள புரவி சிதையக்கூடாது. சிதையாத புரவிக்கு மறு எடுப்பு இல்லை.

இருவேறு வழிகள்: மீக்கரும் மிருணாளினியும்

அமெரிக்கரான ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகியோர் 1971-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினர். சவுக்கு விறகால் உயர்வெப்பத்தில் சுட்டு மெருகு பூசும் கற்களி வேலைப்பாடு அங்கிருந்து இந்தியாவெங்கும் பரவியது. வினீத் கக்கர், ஆதில் ரைட்டர் போன்ற பல கலைஞர்கள் அங்குப் பயின்றவர்கள். கட்டடக்கலையும் கற்றிருந்த மீக்கர், 1980-களின் நடுப்பகுதி முதல் புதிய முயற்சி ஒன்றில் ஈடுபட்டார். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் சிந்தனையைப் பின்பற்றி, பச்சை மண்கற்களால் வளைகூரை வீட்டைக் கட்டி, அதன் உள்ளே சுடவேண்டிய மண்பொருள்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். நின்ற இடத்திலேயே சுடுதல் என்னும் அளவில் இம்முறை, வேளார் பெரும் புரவியைச் சுடும் முறைக்கு மிக நெருங்கியது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டில் சூளை நிலைத்துவிடுகிறது. புரவியில் சூளை மறைந்துவிடுகிறது. மீக்கரின் பிற்காலப் பேருருவச் சிற்பங்களில் விரிசலும் தீத்தடமும் மறைக்கப்படாமல் படைப்பின் கூறுகளாகவே நிற்பதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகலாம்.

மிருணாளினி முகர்ஜி (1949–2015) இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து மண்ணுக்கு வந்தவர். பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்ற அவர், சணல்கயிற்றை முடிச்சிட்டு உருவாக்கிய பேருருவங்களால் அறியப்பட்டார். 1990-களின் நடுவில் நெதர்லாந்திலுள்ள ஐரோப்பிய மட்கலை மையத்தில் தங்கிக் களிமண்ணில் பணியாற்றினார். இதழும் மடலும் மொட்டும் எனத் தாவர உலகின் வடிவங்கள் அங்கே உருவாயின. 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் நடத்திய அவருடைய கண்காட்சியின் தலைப்பிலேயே இயற்கை என்னும் சொல் இடம்பெற்றது. அவர் தாவரத்தைப் பார்த்து வரைந்தவர் அல்லர். மடிப்பு, தொய்வு, விரிவு எனக் களிமண் தானே கொள்ளும் அசைவுகளிலிருந்து பூவை அடைந்தார். மெல்லிய களித்தகடு தன் எடையால் வளைவதும் மலரிதழ் வளைவதும் ஒரே விதிக்கு உட்பட்டவை. மண்ணின் நடத்தையைப் பின்பற்றியமையால் தாவர வடிவம் கிடைத்தது என்று கொண்டால், வேளாரிடம் அவர் நெருங்கி வருகிறார். நவீன சூளையும் பொறுக்கியெடுத்த கலவையும் மண்ணுக்குத் தந்த சுதந்திரத்தால் அவருடைய களி வளையவும் மடியவும் முடிந்தது. கண்மாய்க் களியில் அவ்விதழ்கள் நில்லா.

கண்மாய் மண்ணின் இன்றைய நிலை

இதுவரை கூறியவற்றால், கண்மாய் மண் மாறினால் புரவியும் மாறும் என்பது புலனாகும். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959, நீர்நிலைகளில் படிந்த மண்ணை வேளாண்மைக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுக்க வழிசெய்கின்றன. 2024-ஆம் ஆண்டில் இதற்கான அனுமதியை வட்டாட்சியர் நிலையிலேயே பெறும் வகையில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. அலுவலகங்களுக்கு அலையும் சுமை குறைவது பெரிய உதவியே. எனினும் அரசாணையின் மொழியில் மண் என்பது அளவால் குறிக்கப்படும் பொருள். வயலுக்குக் கொண்டுசெல்லும் வண்டலும் சக்கரத்திற்கு ஏறும் களியும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. இயந்திரத்தால் ஆழத் தோண்டும்போது மணலும் களியும் கலந்துவிடுகின்றன. நீர் பல பருவங்களாகப் பிரித்து அடுக்கிய படிவு ஒரே நாளில் குலைகிறது.

மானாமதுரை மட்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் சிறப்பு அது பிறக்கும் இடத்தைச் சார்ந்தது என்பதே இக்குறியீட்டின் அடிப்படை. பெயரையும் பொருளையும் பாதுகாக்கும் அச்சட்டம், அப்பொருளுக்கு மண் தரும் கண்மாயைப் பாதுகாப்பதில்லை. விநாயகர் சிலைகளுக்குப் பாரிஸ் சாந்தைத் தவிர்க்குமாறு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலால் களிமண்ணின் தேவை கூடுகிறது. அத்தேவை சுடாத மண்சிலைக்கானது. தீயின் அறிவுக்கு அதில் இடமில்லை. சூளை அறிந்தவரும் அச்சில் மண்ணை அழுத்துபவராக மாறுவது அவ்வழியே நிகழ்கிறது.

நகரெல்லைக்குள் வந்துவிட்ட கண்மாய்களின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. விளாங்குடி போன்ற பகுதிகளில் கண்மாய் எஞ்சியிருந்தாலும் அதற்கு நீர் தந்த வயல்கள் மனைகளாகிவிட்டன. வயலின் மேல்மண் வராதபோது புதிய படிவு சேர்வதில்லை. வீட்டுக் கழிவுநீர் சேருமிடத்தில் களியோடு கரையும் உப்புகளும் சேர்கின்றன. உருவம் உலரும்போது ஈரத்தோடு அவ்வுப்பு மேற்பரப்பை நோக்கி நகர்கிறது. சுட்டபின் செம்பரப்பில் வெண்பூப்பாகத் தங்குகிறது. கழுவினால் மறையும், அடுத்த மழைக்குப் பின்னர் மீண்டும் தோன்றும். நகரையொட்டிய கண்மாய்களின் மண்ணை வரிசையாக எடுத்து, உலர்சுருக்கம், உப்பின் அளவு, சுட்டபின் நிறம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஆய்வு ஒன்று, வேளார் குடும்பங்களின் மண்ணறிவைத் துணையாகக் கொண்டு உடனே தொடங்கப்பட வேண்டும். எந்தக் கண்மாயின் எந்த மூலையில் எந்த மண் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர்.